தபால் கப்பலுக்குக் கொடுத்த பணம் கூலியா, மானியமா?

நண்பர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசு, கடல் கடந்து தபால் கொண்டுபோவதற்காகக் குனார்டு, பி. அண்ட் ஓ. போன்ற நீராவிக் கப்பல் கம்பெனிகளுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை கொடுத்துவந்தது. அது கடிதம் சுமந்ததற்கான கூலியா, அல்லது தபாலின் பெயரைச் சொல்லித் தன் நாட்டுக் கம்பெனிகளை வளர்க்கக் கொடுத்த மானியமா என்பது கேள்வியின் முதற்பகுதி. தூத்துக்குடியில் வ.உ.சி. எதிர்த்து நின்ற கம்பெனிக்குப் பின்னாலும் இந்தத் தபால் பணம்தான் இருந்ததா என்பது இரண்டாம் பகுதி. இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: அந்தப் பணத்தைக் கொடுத்து அரசு உண்மையில் எதை வாங்கியது? அதைத் தெளிவாக்கிக்கொண்டால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் ரயில்வே தபால் பிரிவில், அதாவது ஆர்.எம்.எஸ்.ஸில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடும் வண்டியில் கடிதம் பிரித்தவன். பழைய கடித உறைகளைச் சேர்க்கும் பழக்கம் அந்த வேலையில்தான் ஒட்டிக்கொண்டது. உறையில் உள்ள முத்திரையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அது போன கப்பலையும், அந்தக் கப்பலை ஓடவைத்த ஒப்பந்தத்தையும் படித்தாக வேண்டும். ஆகவே தபால், கால அட்டவணை, ஒப்பந்த விதி ஆகியவற்றைப் பற்றி உறுதியோடு பேசுவேன். கம்பெனிகளின் உள்கணக்கையும் சட்ட நுணுக்கத்தையும் பற்றிப் பேசும்போது, அது வாசித்து அறிந்தவனின் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தக் காலத்துக்கு முன்பு கடல் தபால் இரண்டு வழியில் போனது. ஒன்று, அந்தத் திசையில் போகிற ஏதேனும் ஒரு வணிகக் கப்பலின் கேப்டனிடம் பையைக் கொடுத்துவிடுவது. கரை சேர்ந்ததும் கடிதத்துக்கு இத்தனை பென்ஸ் என்று அவருக்குக் கொடுப்பார்கள். அது கலப்பற்ற கூலி. ஆனால் அந்தக் கப்பல் சரக்கு நிரம்பிய பிறகுதான் பாய் விரிக்கும். ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். இன்னொன்று, இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து அரசின் பொறுப்பில் ஓடிய தபால் பாய்க்கப்பல்கள். இவை குறித்த நாளில் புறப்பட்டன. ஆனால் எப்போது போய்ச் சேரும் என்பதைக் காற்றுதான் தீர்மானித்தது. 1823-ல் இவற்றைக் கடற்படை நிர்வாகம் எடுத்துக்கொண்டது. புயலில் அடிக்கடி மூழ்கியதால் அந்தச் சிறு கப்பல்களுக்குச் சவப்பெட்டி என்றே மாலுமிகள் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

நீராவி வந்ததும் புறப்படும் நாளோடு சேரும் நாளையும் சொல்ல முடிந்தது. ஆனால் அந்த இயந்திரம் தன் செலவைத் தானே சம்பாதிக்கும் நிலையில் அப்போது இல்லை. பம்பாயில் கட்டிய ஹியூ லிண்ட்சே என்ற சிறு நீராவிக் கப்பல் 1830 மார்ச் 20 அன்று அங்கிருந்து கிளம்பி ஏறத்தாழ 33 நாளில் சூயஸை அடைந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் இடையிலுள்ள துறைகளில் கரியேற்றிக்கொண்டு நின்றதிலேயே போயிற்று. ஏடனுக்குப் போய்ச் சேரும் வரைக்குமான கரிக்கு அடித்தளத்தில் இடம் போதாமல், ஆட்கள் தங்கும் அறைகளிலும் கரியைக் கொட்டியிருந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1840 ஜூலை 4 அன்று லிவர்பூலிலிருந்து புறப்பட்ட குனார்டு கம்பெனியின் முதல் தபால் கப்பலான பிரிட்டானியாவின் கணக்கைப் பாருங்கள்: சரக்குக்கு 225 டன் இடம், கரிக்கு 640 டன் இடம், நாளொன்றுக்கு எரியும் கரி 38 டன், பயணிகள் 115 பேர். சரக்கைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கரியைச் சுமந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் ஒரு கப்பல், சரக்குக் கட்டணத்தை நம்பிக் குறித்த தேதியில் ஆண்டு முழுவதும் ஓட முடியாது. பனிக்காலத்தில் பயணிகளும் குறைந்துவிடுவார்கள். இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒப்பந்தப் பணம் வந்தது. இதில் ஐயத்துக்கு இடமில்லை. கம்பெனிகளே நாடாளுமன்றக் குழுக்கள் முன்பு வெளிப்படையாகச் சொன்னது இது.

குனார்டு ஒப்பந்தம் உருவான விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அரசு எதை வாங்க நினைத்தது என்பது அதில் தெரிகிறது. 1838 நவம்பரில் கடற்படை நிர்வாகம், இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹாலிஃபாக்ஸுக்குத் தபால் கொண்டுபோக டெண்டர் கோரியது. வந்த இரண்டு டெண்டர்களும் நிபந்தனைக்கு ஒத்துவரவில்லை என்று தள்ளப்பட்டன. அவற்றுள் ஒன்றைக் கொடுத்த கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியிடம் அட்லாண்டிக்கைக் கடந்து காட்டிய கப்பல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஹாலிஃபாக்ஸ் வணிகரான சாமுவேல் குனார்டு, டெண்டர் நாள் முடிந்த பிறகு, 1839-ன் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். அவரிடம் அப்போது கப்பலே இல்லை. ஆனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும், குறித்த நாளில் என்று அவர் உறுதி கொடுத்தார். ஆண்டுக்கு 55,000 பவுன் என்று பேசி, பிறகு பாஸ்டனையும் சேர்த்து, நான்கு கப்பல்களுக்கு 60,000 பவுன் என்று முடிவாயிற்று. போட்டியில் தோற்ற கம்பெனி இதைப் பாரபட்சம் என்று முறையிட்டது. 1846-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்து, ஒப்பந்தம் முறையானதே என்றது. டெண்டர் முறையின்படி பார்த்தால் அந்த முறையீட்டில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வாங்குகிற பொருள் என்ன என்பதைக் குனார்டு சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்: அரசுக்கு வேண்டியிருந்தது கப்பல் அன்று, தவறாத தேதி. கடிதம் பத்து இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் அந்த 60,000 மாறாது.

ஒப்பந்த விதிகளும் இதையே சொல்கின்றன. புறப்பாடு தாமதமானால் அபராதம்; இடையில் தேவையில்லாத துறையில் நின்றால் அபராதம். தபாலுக்குப் பொறுப்பாகக் கடற்படை அதிகாரி ஒருவர் ஒவ்வொரு கப்பலிலும் ஏறுவார். அவருக்கு அறையும், பைகளைக் கரைக்குக் கொண்டுபோகத் துடுப்புப் படகும் கம்பெனியின் செலவு. தபால் விஷயத்தில் அவர் சொல்லைக் கேப்டன் மீற முடியாது. கூலிக்குச் சுமப்பவனோடு யாரும் இப்படி ஓர் அதிகாரியை ஏற்றி அனுப்புவதில்லை. வெறும் மானியத்துக்கு இத்தனை அபராதமும் எழுதுவதில்லை.

நம் பக்கத்துக்கு வந்த தபால் பி. அண்ட் ஓ. கம்பெனியினுடையது. அதன் தொடக்கம் 1837 ஆகஸ்ட் 22 அன்று கையெழுத்தான ஒப்பந்தம்: ஃபால்மத்திலிருந்து லிஸ்பன் வழியாக ஜிப்ரால்டர் வரை வாரத் தபால், ஆண்டுக்கு 29,600 பவுன். அடுத்த மாதமே அதன் முதல் தபால் கப்பலான டான் யுவான் திரும்பும் வழியில் ஸ்பெயினின் தாரீஃபா முனையில் மூடுபனியில் பாறை ஏறி உடைந்தது. கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரான ஆர்தர் ஆண்டர்சன் அதில் பயணியாக இருந்தார். உடைந்த கப்பலிலிருந்து தபால் பைகளை எடுத்துக்கொண்டு மீன்பிடி படகில் ஜிப்ரால்டர் போய்ச் சேர்ந்தார். 1840-ல் ஒப்பந்தம் அலெக்சாண்ட்ரியா வரை நீண்டது. 1842 செப்டம்பரில் இந்துஸ்தான் என்ற கப்பல் சவுத்தாம்ப்டனிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்து, சூயஸுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 1844 இறுதியில் செய்து 1845-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் தொகைகள் பிரித்தே எழுதப்பட்டிருக்கின்றன: சூயஸிலிருந்து இலங்கை, சென்னை வழியாகக் கல்கத்தாவுக்கு மைலுக்கு 20 ஷில்லிங் வீதம் ஆண்டுக்கு 1,15,000 பவுன், இலங்கையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங்குக்கு மைலுக்கு 12 ஷில்லிங் வீதம் 45,000 பவுன். கடிதத்துக்கு இவ்வளவு என்றோ எடைக்கு இவ்வளவு என்றோ எழுதாமல் மைலுக்கு இவ்வளவு என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மொத்தம் 1,60,000, இதில் 70,000 பவுன் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு, அதாவது இந்திய வருவாயிலிருந்து போனது. மானியம் என்று யாரேனும் சினந்து சொன்னால் அந்தச் சினத்துக்கான நியாயமான இடம் இதுதான் என்பேன்: லண்டனில் முடிவெடுத்த ஒரு செலவில் ஏறக்குறையப் பாதியைக் கட்டியவர்கள் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தே இராத இந்திய வரிகாரர்கள்.

அந்தக் காலத்தில் ஒரு கடிதம் கைமாறிய இடங்களை எண்ணிப் பார்த்தால், தேதி தவறாமல் வந்ததே பெரிய காரியம் என்று தோன்றும். சவுத்தாம்ப்டனில் ஏறிய பெட்டி மால்டா வழியாக அலெக்சாண்ட்ரியாவில் இறங்கும். அங்கிருந்து மஹ்மூதியா கால்வாயில் படகு, பிறகு நைல் நதியில் கெய்ரோ வரை சிறு நீராவிப் படகு, அதன் பின் பாலைவனத்தில் சூயஸ் வரை ஒட்டகம். சூயஸில் இன்னொரு கப்பல், ஏடனில் கரியேற்றல், பிறகு இலங்கையின் காலித் துறைமுகம். காலியில் கல்கத்தாப் பைகளும் சீனப் பைகளும் பிரியும். இலங்கையின் அப்சர்வர் பத்திரிகை, தபால் கப்பல் கொண்டுவந்த ஐரோப்பியச் செய்தியைத் தந்தி வருவதற்கு முந்தைய 1850-களில் காலியிலிருந்து கொழும்புக்குப் புறாக் காலில் கட்டி அனுப்பியது. கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழுந்து, 1882-ல் பி. அண்ட் ஓ. அங்கே மாறிய பிறகு காலி அமைதியாகிவிட்டது.

சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. தபால் கப்பல் அலை உடையும் இடத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். பைகள் மசூலாப் படகில் ஏறி வரும். அது ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு, அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். அவசரக் கடிதமானால் கட்டுமரம். கட்டுமரக்காரர் தலையில் ஓலையால் இறுக முடைந்த கூம்புத் தொப்பி இருக்கும். கடிதத்தை மடித்து அதற்குள் வைத்துக்கொள்வார். அலை அவரைத் தூக்கி எறிந்தாலும், நீந்திப் போய் மரத்தைப் பிடித்து ஏறும்போது தொப்பிக்குள் கடிதம் நனையாமல் இருக்கும். 1,60,000 பவுன் ஒப்பந்தம், வெள்ளைக்கார கேப்டன், கடற்படை அதிகாரி எல்லாம் கடந்து கடைசி ஒரு மைலில் லண்டன் கடிதம் ஒரு பட்டினவ மீனவரின் தலையில்தான் கரை ஏறியது. அந்த மனிதருக்கு ஒப்பந்தத்தில் பெயர் இல்லை.

என்னிடம் 1850-களில் சென்னையிலிருந்து லண்டனுக்குப் போன ஒரு மடித்த கடிதம் இருக்கிறது. தாளைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாடும். இடது மேல் மூலையில் மார்சேல்ஸ் வழி என்று மையால் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் தபாலுக்கு இரண்டு வழி உண்டு: முழுவதும் கடலிலேயே சவுத்தாம்ப்டன் போவது மலிவு, மார்சேல்ஸில் இறங்கிப் பிரான்ஸ் வழியாகத் தரைமார்க்கமாகப் போவது விரைவு, ஆனால் விலை அதிகம். பிரான்ஸ் வழிக் கடிதத்துக்குக் கால் அவுன்ஸ், அதாவது ஏழு கிராம் அளவுக்கு ஒரு கட்டணம் என்று அளந்தார்கள். அதனால்தான் அந்த மெல்லிய தாள். அனுப்பியவர் சில நாள் மிச்சப்படுத்துவதற்காகக் கூடுதல் காசும் கொடுத்து, எழுத்தையும் நுணுக்கியிருக்கிறார். வணிகருக்கு அந்தச் சில நாளின் மதிப்பு என்ன என்பது ஒப்பந்தத் தொகைகளை விட இந்தத் தாளில் எனக்கு நன்றாகப் புரிகிறது.

அரசு வாங்கியது கால அட்டவணையைத்தான் என்பதற்கு என் கையில் உள்ள மிக வலுவான சான்று சூயஸ் கால்வாய். 1869 நவம்பர் 17 அன்று கால்வாய் திறந்தது. அதற்குள் எகிப்தில் ரயில் பாதை வந்து, அலெக்சாண்ட்ரியாவுக்கும் சூயஸுக்கும் இடையே தபால் ரயிலில் போய்க்கொண்டிருந்தது. ஒப்பந்தமும் அப்படியே எழுதப்பட்டிருந்தது. கப்பல் நேராகவே போகலாம் என்றான பிறகு, தபாலையும் கால்வாய் வழியே கொண்டுபோக பி. அண்ட் ஓ. அனுமதி கேட்டது. தபால் துறை மறுத்தது. ரயில் வழி என்று எழுதியிருக்கிறது; வழியை மாற்ற வேண்டுமானால் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றது. ஆகவே அலெக்சாண்ட்ரியாவில் பைகளை இறக்கி ரயிலில் ஏற்றி, கால்வாயைக் கடந்து வந்த அதே கப்பல் சூயஸில் அந்தப் பைகளை மீண்டும் ஏற்றிக்கொண்ட நிலை நடந்தது. 1874-ல்தான் ஆண்டுத் தொகையில் 20,000 பவுன் குறைத்துக்கொள்ளக் கம்பெனி ஒப்புக்கொண்டு, கால்வாய் வழி திறந்தது. அப்போதும் விரைவுத் தபால் ரயிலிலேயே போனது. முழுத் தபாலும் கால்வாய் வழியானது 1888-ல். இதை அதிகாரிகளின் பிடிவாதம் என்று எழுதுவோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ரயிலில் நாள் மிச்சம். கால்வாயில் அன்றைய நிலையில் கப்பல் தரைதட்டி நிற்கும் ஆபத்தும் இருந்தது. விலைக்கு வாங்கிய அட்டவணையை விற்றவர் தம் வசதிக்கு மாற்றக் கேட்டால் வாங்கியவர் தள்ளுபடி கேட்பது இயல்புதானே.

ஆனால் அதே கம்பெனியின் 1867 ஒப்பந்தம் எனக்கு எதிராகவும் பேசுகிறது, அதை மறைக்கக் கூடாது. அதில் ஆண்டுக்கு 4,00,000 பவுன் என்று வைத்து, பங்குதாரர்களுக்கு 8 சதவீத ஈவு கிடைக்காவிட்டால் 5,00,000 வரை உயர்த்தித் தருவதாக அரசு ஏற்றுக்கொண்டது. ஈவுத்தொகைக்கு உத்தரவாதம் கொடுப்பது எந்த அட்டவணையின் விலையும் ஆகாது. அது மானியம்தான், வேறு பெயரில்லை. மூன்றே ஆண்டில், 1870-ல், அதைக் கைவிட்டு 4,50,000 என்று நிலைத்தொகையாக மாற்றினார்கள். பிறகு போட்டி பெருகியதும், இயந்திரங்கள் கரியைக் குறைவாகத் தின்னத் தொடங்கியதும் தொகையைக் கீழே இழுத்தன: 1880-ல் 3,60,000, 1888-ல் இந்தியா, சீனத் தபாலுக்கு 2,65,000. இயந்திரம் தன் செலவைத் தானே சம்பாதிக்கத் தொடங்கியதும் அட்டவணையின் விலை இறங்கியது என்பதற்கு இந்த எண்களே போதும்.

எல்லா ஒப்பந்தமும் நன்றாகப் போனதில்லை. மேற்கிந்தியத் தீவுகளுக்கான ராயல் மெயில் கம்பெனிக்கு 1840-ல் கொடுத்த தொகை ஆண்டுக்கு 2,40,000 பவுன், குனார்டைப் போல நான்கு மடங்கு. 14 கப்பல்களை வைத்து எண்ணற்ற தீவுகளைச் சுற்றிவரும் அட்டவணை ஒன்றைக் காகிதத்தில் வரைந்தார்கள். 1842-ல் ஓடத் தொடங்கியதும் அது நடவாத காரியம் என்று தெரிந்தது. சில ஆண்டுகளுக்குள் பல கப்பல்கள் பாறையில் போயின. 1852 ஜனவரியில் அமேசான் என்ற புதுக் கப்பல் தன் முதல் பயணத்திலேயே பிஸ்கே வளைகுடாவில் தீப்பற்றி எரிந்து, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது மரக்கப்பல். இரும்பில் கட்டும் முறை வந்து பல காலம் ஆகியிருந்தும், பீரங்கிக் குண்டு பட்டால் இரும்பு சிதறும் என்று கருதிய கடற்படை நிர்வாகம், தபால் கப்பல்கள் மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று வலியுறுத்திவந்தது. அந்த விபத்துக்குப் பிறகே அந்தக் கம்பெனிக்கு இரும்புக்கு அனுமதி கிடைத்தது. போர் வந்தால் பயன்படும் என்று ஒரு ஒப்பந்தத்துக்குள் இரண்டு நோக்கங்களைத் திணித்ததன் விலையாக நான் இதைப் பார்க்கிறேன்.

அமெரிக்கா வேகத்தை வாங்கப் பார்த்தது. எட்வர்டு காலின்ஸ் என்பவருக்கு 1847-ல் ஆண்டுக்கு 20 சுற்றுப் பயணத்துக்கு 3,85,000 டாலர் என்று ஒப்பந்தம். குனார்டை வெல்ல வேண்டும் என்பது நாட்டின் மானப் பிரச்சினையாயிற்று. வென்றார்கள், வேகத்தில் முந்தினார்கள். ஆனால் அந்த வேகத்துக்குக் கரியும் பழுதுபார்ப்பும் தின்ற பணத்துக்கு அளவில்லை. 1852-ல் தொகையை 26 பயணத்துக்கு 8,58,000 டாலராக உயர்த்தினார்கள். மேலுக்குக் கடும் போட்டி என்று தெரிந்த அந்த இரண்டு கம்பெனிகளும் உள்ளுக்குள் கட்டணத்தையும் வருவாயையும் பங்கிட்டுக்கொள்ள ரகசிய உடன்பாடு செய்திருந்தன என்பது பிற்காலத்தில் ஆவணங்களிலிருந்து வெளிவந்தது. 1854 செப்டம்பர் 27 அன்று ஆர்க்டிக் என்ற கப்பல் மூடுபனியில் வேகத்தைக் குறைக்காமல் போய் மோதி மூழ்கியது. ஏறத்தாழ 350 பேர் இறந்தார்கள், பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. காலின்ஸின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 1856 ஜனவரியில் பசிபிக் என்ற கப்பல் தடமின்றி மறைந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், முன்பு உயர்த்திய தொகையை வெட்டியது. 1858-ல் கம்பெனி முடிந்தது. அதன்பின் அமெரிக்கா, கொண்டுபோன கடிதத்தின் தபால் கட்டணம் எவ்வளவோ அதை மட்டும் கப்பலுக்குக் கொடுப்பது என்ற முறைக்கு மாறிற்று. கூலி என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது அந்த முறைக்கே.

அரசின் வாக்குறுதியும் எவ்வளவு உறுதியானது என்று கேட்டால், அதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்ஸின் கலேக்குத் தபால் கொண்டுபோன சர்ச்வார்டு என்பவருக்கு ஆண்டுக்கு 18,000 பவுன் ஒப்பந்தம் இருந்தது. ஆனால் அது நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்திலிருந்து என்று அதில் எழுதியிருந்தது. தேர்தல் தொடர்பான முறைகேட்டுப் புகார்களுக்குப் பிறகு, 1863 ஜூனுக்கு மேல் இவருக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 1865-ல் நீதிமன்றம், ஒதுக்கீடு இல்லையேல் அரசுக்குக் கடப்பாடு இல்லை என்று தீர்ப்பளித்தது. நான் வழக்கறிஞன் இல்லை. அந்தத் தீர்ப்பைப் பிற்கால நீதிமன்றங்கள் குறுக்கியே பொருள்கொண்டன என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இனி ஐயத்துக்குரிய பகுதி. கொடுத்த தொகையில் எவ்வளவு தபாலுக்கு, எவ்வளவு போர்க்கால ஆயத்தத்துக்கு, எவ்வளவு கொடியின் பெருமைக்கு என்று பிரித்துச் சொல்லும் எவரையும் நான் நம்புவதில்லை, ஏனெனில் ஒப்பந்தங்கள் அப்படிப் பிரித்து எழுதப்படவில்லை. பீரங்கி தாங்கும்படி கட்ட வேண்டும் என்ற விதி இருந்தது உறுதி. அந்தக் கப்பல்கள் போர்க்கப்பலாகப் பயன்படும் என்ற நம்பிக்கை வீண் என்று 1853-ல் கேனிங் பிரபு தலைமையிலான குழு ஏறக்குறைய ஒப்புக்கொண்டதும் உறுதி. கிரீமியப் போரில் அவை பயன்பட்டது படைவீரர்களைச் சுமக்கத்தான். அதற்காக ஆஸ்திரேலியத் தபாலையே நிறுத்தினார்கள். அதேபோல், தபால் பணம் இல்லாவிட்டால் பி. அண்ட் ஓ. வளர்ந்திருக்காது என்பதும் பாதி உண்மைதான். தேதி தவறாத கப்பலை நாடி விலையுயர்ந்த சிறு சரக்குகள் வந்தன: பட்டு, பொன், வெள்ளி, இவற்றோடு பம்பாயிலிருந்து சீனாவுக்குப் போன அபினியும். தபால் அட்டவணைதான் அந்தச் சரக்கை இழுத்தது என்பதால், நேரடித் தொகையை விட அந்த மறைமுக ஆதாயம் பெரிதாக இருந்திருக்கலாம். இது என் கணிப்பு, கணக்கு அல்ல.

வ.உ.சி. பற்றிய இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். அவர் எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி பிறந்ததே தபால் ஒப்பந்தத்தில்தான். வில்லியம் மெக்கின்னன் 1856-ல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் கொண்டுபோகும் ஒப்பந்தத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பெற்றுத் தொடங்கிய நிறுவனம், 1862-ல் அந்தப் பெயருக்கு மாறிற்று. அதன் பிறகு இந்தியக் கரையெங்கும் அரசுத் தபாலோடு வளர்ந்தது. அரை நூற்றாண்டு அப்படி வேரூன்றிய கம்பெனியை எதிர்த்துத்தான் 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி பயணக் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது தபால் பணத்தின் பலத்தில்தான் என்று நேராக முடிச்சுப்போடுவது சரியாகாது. நூற்றுக்கணக்கான துறைகளில் ஓடும் கம்பெனிக்கு ஒரு தடத்தின் நஷ்டத்தைத் தாங்க மற்றத் தடங்களின் லாபமே போதும். அதோடு கலெக்டர் முதல் துறைமுக அதிகாரி வரை அரசு இயந்திரம் எந்தப் பக்கம் நின்றது என்பது 1908-ல் வ.உ.சி.க்கு நேர்ந்ததிலிருந்தே தெரிகிறது. தபால் ஒப்பந்தம் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது, எந்த மாதத்திலும் கப்பலை நிறுத்தாமல் ஓட்டும் தெம்பு. இரண்டே கப்பல்களை வைத்துக்கொண்டு, பங்குப் பணத்தை மட்டும் நம்பி ஓடிய சுதேசிக் கம்பெனிக்கு அது எந்த வடிவிலும் கிடைக்கவில்லை.

1874-ல் பெர்ன் நகரில் நாடுகள் கூடித் தபால் ஒன்றியம் அமைத்தபோது, ஒரு நாட்டின் கடிதத்தை இன்னொரு நாட்டின் கப்பல் சுமந்தால் எடைக்கு இவ்வளவு என்று விலை வைத்தார்கள். இந்தியா 1876 ஜூலையில் சேர்ந்தது. ஆனாலும் தம் சொந்தக் கம்பெனிகளோடு ஆண்டுத் தொகை ஒப்பந்தம் போடுவதை நாடுகள் விடவில்லை. கடிதம் பிரித்தவன் என்ற முறையில் எனக்கு நெருக்கமான ஒரு விஷயம் அந்த ஒப்பந்தங்களால்தான் சாத்தியமானது. 1868 முதல் முதல் உலகப் போர் தொடங்கும் வரை, பம்பாய்க்கு வரும் தபால் கப்பலிலேயே இந்தியத் தபால் ஊழியர்கள் ஏறி, கடல் தபால் நிலையம் என்ற பெயரில் வழியிலேயே கடிதங்களைப் பிரித்தார்கள். பருவமழைக் காலத்தில் அரபிக்கடலில் ஆடும் கப்பலில், விளக்கொளியில், மதராஸ் பை, கல்கத்தாப் பை, லாகூர்ப் பை என்று கட்டி முடித்து, பம்பாயில் இறங்கியதும் காத்திருக்கும் ரயிலில் அப்படியே ஏற்றிவிடுவார்கள். அந்தப் பிரிவின் முத்திரை குத்திய உறைகள் இன்றும் பழைய உறை விற்பவர்களிடம் கிடைக்கின்றன. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் 1914-க்கு முந்தைய வெளிநாட்டுக் கடிதம் இருந்தால் உறையைக் கழுவவோ தபால்தலையைப் பிரித்தெடுக்கவோ வேண்டாம். பின்பக்க முத்திரைகளின் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள், அது ஒப்பந்த நாளில் வந்ததா, தாமதமாக வந்ததா என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.